சாக்ஸபோன் வாயும் உன் கிளாரினெட்டும்

கண்ணு,

மிளகு நாற்று எடுத்துப்போக மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பப் போகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. வழியில் அவரும் படிக்கட்டும், உன் மாமியார் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும், மலைக்கு அந்தப் பக்கம் பைல் நாட்டில் உங்கள் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால், "சிக்னல் சரியில்லீங்கப்பா" என்று வைத்துவிடுவாய். நேரில் சொல்ல வாயெடுத்தால் காபி போடப் போய்விடுவாய். எழுத்திலிருந்து அப்படிச் சுலபமாக எழுந்து போக முடியாது அல்லவா, அதனால்தான் இந்த வழி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் கிளாரினெட்டை என் கையில் கொடுத்தாய். இத்தனை காலம் சாக்ஸபோன் மட்டுமே ஊதிப் பழகிய எனக்கு அதற்கு வாய் வைக்கவும் சொல்லிக்கொடுத்தாய். நான் கற்றுக்கொண்டேன், நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் நீ எதற்காகச் சொல்லிக்கொடுத்தாயோ அந்தக் காரணத்துக்கு நான் உடன்படவில்லை. அப்பா வாசிக்கிறார், பேண்டு செட்டுக்கு ஆள் ஆயிற்று, இனி நாம் விட்டுவிடலாம் என்று நீ நினைத்தாய். அது நடக்காது. நீ வாசிப்பதை நிறுத்துவதற்கு என் வாயை வழியாக்கிக்கொள்ளாதே. இது கோபத்தில் எழுதுவது இல்லை. கோபமும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்.

உனக்கு நிச்சயதார்த்தம் நடந்த நாளை எடுத்துக்கொள். அரியூர் நாட்டில் நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கு இலை போட்டு, எல்லாம் முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். உன் மாமியார் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு அப்பறமும் ஊதப் போவியா கண்ணு?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நீ, "இல்லீங்க அத்தை, இனி அப்பா பாத்துக்குவாங்க" என்றாய். பக்கத்தில் இருந்த நான் சிரித்தேன். புதுப்பெண் அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். பேண்டு செட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு, ஆண்பிள்ளைகள் நடுவே ஒரே பெண்ணாக நின்று, அடிவாரத்தில் ஊர் ஊராக வாசித்தவள் நீ. ஒரு வார்த்தையில் அதை விட்டுவிடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையிலேயே பெட்டியைத் திறந்து கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்தி என் கையில் வைத்தாய். "ஏனுங்கப்பா, கத்துக்குவீங்களா?" என்று கேட்டபோது நான் எப்படிப் பீற்றிக்கொண்டேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "அட போ சாமி, அவ்வளவு பெருசையே ஊதறவனுக்கு இந்தக் குச்சி எம்மாத்தரம்?" என்றேன். இரண்டிலும் உதட்டில் அதிர்கிற நாணல் சீவல், அந்த ரீடு, ஒன்றே ஒன்றுதான், இரண்டிலும் மவுத்பீஸ்தான், விரலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. மூச்சை இழுத்து ஊதினேன். வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. அடுப்படியிலிருந்து உன் அம்மா, "ஏனுங்க, கன்னுக்குட்டி கவுத்துல சுத்திக்கிச்சாட்டம் இருக்குது, போயிப் பாருங்க" என்று குரல் கொடுத்தாள். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை வழிக்குக் கொண்டுவராமல் விடப்போவதில்லை என்று.

கண்ணு, ஒன்றும் தெரியாதவன் ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது சுலபம். பக்கத்து வேலை தெரிந்தவன் கற்றுக்கொள்வதுதான் பெரும்பாடு. சாக்ஸபோனுக்கு வாயைத் தளர விட வேண்டும். கீழுதட்டை மெத்தையாக வைத்து, சுற்றிலும் உதடு வட்டமாகப் பிடித்துக்கொள்ள, தொண்டைக்குள் தாராளமாக இடம் விட்டு ஊதினால் அது தானாகப் பேசும். கன்னம் கொஞ்சம் உப்பினாலும் பொறுத்துக்கொள்ளும். கிளாரினெட் எதையும் பொறுத்துக்கொள்வதில்லை. கீழுதடு பல்லின் மேல் மெல்லியதாக இழுத்துப் படிய வேண்டும், தாடை கீழ்ப்பக்கம் இழுபட்டுத் தட்டையாக நிற்க வேண்டும், வாயின் இரண்டு ஓரமும் உள்ளே இறுக வேண்டும், மேல்பல் மவுத்பீஸின் மேல் ஊன்ற வேண்டும். இத்தனையும் செய்துவிட்டுக் கடிக்கவும் கூடாது. என் வாயோ இத்தனை வருஷப் பழக்கத்தில், ரீடு உதட்டில் பட்டவுடனே சாக்ஸபோனுக்கு உட்காருவது போல வசதியாக உட்கார்ந்துகொள்ளும். மவுத்பீஸை வாய்க்குள் ஆழமாக வாங்கிவிடுவேன், அது கீச்சென்று கத்தும். தெரியாத வாயாக இருந்தால் நீ சொன்னதைக் கேட்டிருக்கும். தெரிந்த வாய், அதனால் பேச்சைக் கேட்கவில்லை.

சவரக் கண்ணாடியைச் சன்னல் கம்பியில் கட்டி என்னை அதன் முன்னால் நிறுத்தினாய். "தாடைய எதுக்குங்கப்பா பிதுக்குறீங்க? கன்னத்துல என்ன, நெல்லிக்காயா வெச்சிருக்கீங்க?" என்று நீ கேட்க, உன் அம்மா வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். மூச்சு விடும் விதத்தை நீ சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. "கண்ணாடி தொடைக்க ஊதுவீங்கல்ல, ஹாவுன்னு, அது சாக்ஸபோன் காத்து. டீய ஆத்தறதுக்கு ஊதுவீங்கல்ல, அதுதானுங்கப்பா கிளாரினெட் காத்து." அதற்குப் பிறகு எத்தனையோ டம்ளர் டீயை ஊதி ஊதியே குடித்தேன். உன் அம்மா, ஆறின டீயைக் குடிப்பதற்கு அடுப்பு எதற்கு, விறகு எதற்கு என்று கேட்டாள்.

விரலிலும் ஒரு ஏமாற்றம் இருந்தது. சாக்ஸபோனில் ச வாசித்துக்கொண்டே பின்பக்கம் கட்டைவிரலுக்கென்று இருக்கிற கட்டையை அழுத்தினால் மேல் ச வரும். இதில் அதே போல அழுத்தினால் மேல் ச இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் ப வந்து நிற்கிறது. வாத்தியம் பழுதாகிவிட்டது என்றே நினைத்து, நீ குளித்துவிட்டு வருவதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டேன். நீ ஈரத்தலையோடு ஓடிவந்து பிடுங்கினாய். "அது அப்படித்தானுங்கப்பா. அதோட குணம் அது. நீங்கதான் மாறோணும்" என்றாய். திருப்புளியை நீ எங்கே ஒளித்துவைத்தாய் என்று இதுவரை எனக்குத் தெரியாது. பம்பு மோட்டாருக்கு வேண்டியிருக்கிறது, சொல்லி அனுப்பு.

நம் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக் கல்யாணமோ அவர் அன்றைக்கு வாசிக்கக் கூடாது. அவர் நிற்கிற இடத்தையும் யாரும் நெருங்கி நின்று மூடக் கூடாது, அப்படியே விட்டுவிட்டு நடக்க வேண்டும். உன் கல்யாணத்தில் அப்படி இரண்டு இடம் காலி. சாக்ஸபோனும் இல்லை, கிளாரினெட்டும் இல்லை. பாவம், ட்ரம்பெட்காரர் தனியாளாக மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தார். நான் ஜீப்புக்குப் பக்கத்தில் நடந்து வந்தேன். முன் சீட்டில் நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். உன் விரல்கள் மாலை நாரின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. ட்ரம்பெட் விட்ட இடத்திலெல்லாம் உன் விரல் வாசித்தது. பெண்ணை அனுப்புகிற அப்பனுக்கு வருகிற கண்ணீர்தானே என்று எண்ணிக்கொண்டு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு, சாயங்காலம் மிளகுக் காட்டுப் பாறை மேல் ஏறி உட்கார்ந்து வீடியோவில் உனக்கு வாசித்துக் காட்டுவேன். பாறையில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்பது உனக்கே தெரியும். நீ பக்கத்தில் இல்லாததால் நானாகச் சில கெட்டிக்காரத்தனங்கள் செய்தேன். கிளாரினெட்டின் கனம் முழுவதும் வலது கட்டைவிரலில் இறங்கி வலித்தது. சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டுகிற பட்டையை எடுத்து ஒரு கொக்கி போட்டு இதிலும் மாட்டிவிட்டேன். ஆகா, என்ன சுகம். ஆனால் பட்டை அதை மேலே தூக்கிப் பிடித்தது. கீழ்நோக்கி உடம்பை ஒட்டி நிற்க வேண்டியது, வாய்க்கு நேராக வந்து நீட்டிக்கொண்டு நின்றது. வாயும் பழைய ஞாபகத்தில் தளர்ந்து, நாதம் அகலமாகி, கிளாரினெட்டும் இல்லாமல் சாக்ஸபோனும் இல்லாமல் ஏதோ ஒன்று வந்தது. போனில் என்னைப் பார்த்ததும், "கழுத்துல என்னங்கப்பா, மாடாட்டம்? கழட்டுங்க மொதல்ல" என்றாய். கழற்றினேன். ஒரு வாத்தியத்தின் சௌகரியத்தை இன்னொன்றுக்கு மாட்டினால் அதன் குணமே கெட்டுவிடும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று, நம் மலைக்காரன் மட்டுமே செய்யக்கூடியது. காலையில் மூட்டம் இறங்கி நிற்கும்போது வாத்தியம் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். அடிவாரத்தில் வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. மேலே கல்யாணங்களில் நான் என்ன செய்வேன் என்றால், சாக்ஸபோனைக் கொஞ்சம் கடித்துச் சுருதியை ஏற்றிவிடுவேன். அது விட்டுக்கொடுத்துவிடும். அதே வித்தையை இதிலும் காட்டினேன். சுருதி இறங்க இறங்கக் கடித்தேன். கடிக்கக் கடிக்க ரீடு அடைத்துக்கொண்டு சத்தமே நின்றுபோனது. கீழுதட்டின் உட்பக்கம் பல் பதிந்து புண்ணாகி, ரசம் பட்டாலும் எரிந்தது. உன்னிடம் சொன்னபோது நீ ஒரே வார்த்தையில் முடித்தாய். "சட்டைக்குள்ள வெச்சுச் சூடு பண்ணிட்டு ஊதுங்க. குளுந்து கெடக்குறதக் கடிச்சு என்னங்கப்பா ஆவப்போவுது?" அதற்குப் பிறகு தினமும் காலையில் குழந்தையை அணைத்துக்கொள்வது போல அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு களத்தில் உலாத்துவேன். வாசலில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போவார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இறுக்குவது வேறு, கடிப்பது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. நீ புகுந்த வீட்டில் இருக்கிறவள் என்பதால் இதை உனக்கும் சொல்கிறேன். உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கல்யாண வேலை என்றால் கிறுக்கு. காட்டில் சாமை அறுப்புக்கு நிற்கும், நான் கோட்டை மாட்டிக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறுவேன். ஒருநாள் அவள் வாசலில் வந்து நின்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. "நீங்க ஊதப் போங்க, நான் வேண்டாங்கல. ஆனா அறுப்பு நாள்ல ரெண்டு பேரும் காட்டுலதான். அதுக்கு மேல நான் பேச மாட்டேன்" என்றாள். அதற்கு மேல் பேசவும் இல்லை. அன்றைக்குப் போனவன்தான், பிறகு அறுப்பு நாளில் ஒரு முகூர்த்தமும் ஒப்புக்கொண்டதில்லை. அவள் என்னைக் கடிக்கவில்லை. தன் இடத்தை விடவும் இல்லை. என் வாத்தியம் இன்றுவரை என் கையில் இருக்கிறது, அவள் காடும் விளைகிறது. நீ அவள் மகள்தானே, அந்த இறுக்கம் உனக்கு எங்கே போயிற்று?

ஒருநாள் சாயங்காலம் அது கூடிவந்தது. கீழ் ச பிடித்து, கட்டைவிரலை அழுத்தினேன். கீச்சு இல்லாமல், உடையாமல், மணி போல மேல் ப வந்து நின்றது. மூச்சு உள்ளவரை அதை விடவே இல்லை நான். போனில் நீ கைதட்டினாய். எனக்குச் சின்னப் பையன் போலச் சந்தோஷம். அப்போது நீ சொன்னாய்: "அவ்வளவுதானுங்கப்பா. இனிச் செட்டுக்கு நான் வேண்டியதில்ல. எனக்கும் நிம்மதி." போனை வைத்துவிட்டாய். எனக்குப் பின்னால் குச்சிக்கிழங்கு மூட்டையோடு நின்ற உன் அம்மா, "நிம்மதின்னு சொல்ற சத்தமாங்க இது?" என்று கேட்டாள். நான் நன்றாக வாசிக்க வாசிக்க உனக்கு விட்டுப்போக வழி அகலமாகிறது என்பது அந்தப் பாறையில்தான் எனக்கு உறைத்தது. மாலை நாரின் மேல் ஓடிய விரல்கள் ஞாபகம் வந்தன. கிளாரினெட்டைத் தூக்கி ஓடையில் வீசலாமா என்றுகூட இருந்தது. வீசவில்லை, அது உன்னுடையது.

பிறகு நான் செய்த திருட்டுத்தனம் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியட்டும். மறுநாளிலிருந்து போனில் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். நான் தேறவில்லை என்றால் நீ விடமாட்டாய் அல்லவா? நடுவில் நடுவில் கீச்சுச் சத்தம் கொடுத்தேன். நாக்கைக் குறுக்கே வைத்து, விரலால் துளையை அரைகுறையாக மூடி, என்னென்னவோ செய்தேன். நல்லதைக் கற்றுக்கொண்ட வாயைக் கெடுத்துக்கொள்வது லேசான வேலை இல்லை, கண்ணு, ரொம்பப் பாடுபட்டேன். நீயும் கொஞ்சநாள் பொறுமையாகத் திருத்திக்கொண்டிருந்தாய். பிறகு ஒருநாள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாய். "தாடை சரியா இருக்குது. ஓரம் ரெண்டும் சரியா இருக்குது. அப்பறம் சத்தம் மட்டும் எப்படிங்கப்பா தப்பாவும்? வாய் நெசஞ்சொல்லுது, வெரலு பொய் சொல்லுது" என்றாய். எனக்கு அகப்பட்டுக்கொண்ட வெட்கம். நீ திட்டுவாய் என்று பார்த்தேன். நீ திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்போது உன் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பலாப்பழத்தைச் சாக்கிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். செம்மேட்டில் பஸ் மாறி, ஒரு தோளில் பழமும் இன்னொரு தோளில் கிளாரினெட் பெட்டியுமாக வந்து இறங்கினேன். நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். உன் மாமியார் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அந்தப் பொட்டியில என்னங்க சம்மந்தி?" என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பெரிய வித்வத்து ஒன்றும் இல்லை, மாலை மாற்றும்போது நாம் வாசிப்போமே, அதுதான். அவர் முறத்தில் இருந்த தினையைப் புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"உங்க மருமவதானுங்க."

"அவ வாசிச்சு நான் ஒருக்காலும் கேட்டதில்லீங்களே" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் உன்னைத் தடுத்திருப்பார் என்று எனக்குள் ஒரு நினைப்பு, வளைத்துப் பேசவும் தெரியாதவன் நான். "நீங்க வேண்டாம்னு சொன்னதாலதானுங்களே அவ நிறுத்திப்போட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "நான் எப்பங்க வேண்டாம்னேன்? போவியான்னு கேட்டேன். ராத்திரி கடைசி பஸ்ஸ உட்டுட்டா எம்மவன வண்டியெடுத்துட்டு வரச் சொல்லலாம்னுதானுங்க கேட்டேன். நான் முழுசாச் சொல்லங்காட்டியும் அவளே இல்லீங்கன்னுட்டா. சரி, புள்ளைக்கே இஷ்டமில்லையாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டேன்."

யாரும் போடாத பூட்டை நீயே போட்டுக்கொண்டு, சாவியை என் கையில் கொடுத்து, பத்திரம் என்று சொல்லியிருக்கிறாய். அவர் பிறகு இன்னொன்றும் சொன்னார், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "ஆனா ஒண்ணுங்க. எங்க ஊருல மருமவ ரோட்டுல நின்னு ஊதுனா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. நீங்கதான் சொல்லோணும்" என்றார். நியாயமான பேச்சு. அந்த நேரத்தில் நீ அரிசிப் பையோடு வந்தாய், பெட்டியைப் பார்த்தாய், நான் வாயைத் திறப்பதற்குள் காபி போட உள்ளே போய்விட்டாய்.

ஆகையால் பைல் நாட்டுப் பெரியவர்களே, அக்கம்பக்கத்தாரே, இந்தப் பகுதி உங்களுக்கு. ஆமாம், என் மகள் ரோட்டில் நின்றுதான் ஊதுகிறாள். உங்கள் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலமும் ரோட்டில்தான் வருகிறது, சாமி புறப்பாடும் ரோட்டில்தான் வருகிறது. பெண்கள் தலையில் சுமையோடு மேடு ஏறுவதும் அதே ரோட்டில்தான், அதை யாரும் ஒரு விதமாகவும் கேட்டதில்லை. தாடையை எப்படி நிறுத்த வேண்டும், மூச்சை எப்படிக் குவிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு இந்த மலையில் எனக்குத் தெரிந்து யாருக்கும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் மேடு ஏறிக்கொண்டே நாதம் உடையாமல் வாசிப்பவள் அவள். அவள் வாசித்துக் கேட்ட பிறகும் யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள். வீடு அரியூர் நாட்டில்தான் இருக்கிறது. மரியாதையாகவே பதில் சொல்வேன்.

இனி உனக்கு, சாமி. தை மாதம் புளியஞ்சோலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குச் செட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. முதல் கிளாரினெட் யார் என்று கேட்டார்கள். என் மகள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு என்று உன் அம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். அவள் சொல்வது சரிதான். உன் சார்பில் நான் ஆமாம் சொல்வதும், பயத்தில் நீ இல்லை சொன்னதும் ஏறக்குறைய ஒரே ஜாதித் தப்புதான். ஆகவே சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்னும் தீர்மானமாகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நீ வர மாட்டேன் என்றால் வற்புறுத்த மாட்டேன். உனக்கே அலுத்துப்போயிருந்தால், வீடும் காடும் போதும் என்று உன் மனசு சொன்னால், விட்டுவிடு. அதற்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் வராது. ஆனால் நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்பதற்காக விட்டாயானால், நீ நின்ற இடத்தில் போய் நான் நிற்க மாட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியும், தெரிந்தும் வாசிக்க மாட்டேன். முதல் கிளாரினெட் இல்லாமலே ஊர்வலம் போகட்டும், ஏன் என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்வேன். இது மிரட்டல்தான். அப்பன் மிரட்டாமல் வேறு யார் மிரட்டுவார்கள்?

எனக்கென்று சேலத்தில் பழைய கிளாரினெட் ஒன்று பார்த்து வாங்கிவிட்டேன். மரம் கொஞ்சம் கீறியிருக்கிறது, நாதம் பரவாயில்லை. என் வாய்க்கு அது போதும். உனக்குப் பக்கத்தில் இரண்டாவது கிளாரினெட்டாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. உன்னுடையது உனக்கே. பெட்டியை மாப்பிள்ளை வண்டியில் மிளகு நாற்றுக் கூடைக்கு மேல் வைத்துக் கட்டி அனுப்புகிறேன், துளைகளை எல்லாம் சுத்தம் செய்து, புது ரீடு வைத்து.

பதிலை எனக்கு உடனே சொல்லிவிடாதே, போனும் எடுக்காதே. உன் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டும், நீ ரீடை நனைத்து, நின்றுகொண்டு, ஒரு தடவை முழுசாக வாசி. வாசித்து முடித்து அதை வாயிலிருந்து எடுத்தவுடன் என்ன வார்த்தை வருகிறதோ, அதுதான் உன் பதில். அதை மட்டும் எனக்குச் சொல்.

உன் அப்பா